எடுப்பதா, விடுவதா: இடப்பக்கக் கழுத்தின் ஓர் எலும்பு

மண்டையோட்டின் அடிப்பகுதியில், காதுக்குச் சற்றுக் கீழே, பொட்டெலும்பிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் மெல்லிய, கூரான எலும்பு ஒன்று நம் எல்லோருக்கும் இரு பக்கமும் இருக்கிறது. ஸ்டைலாய்டு என்று அதற்குப் பெயர். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டரை சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் நீண்டுவிட்டது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இடப்பக்கம் 4.1 சென்டிமீட்டர், வலப்பக்கம் 3.8 சென்டிமீட்டர். வலி இடப்பக்கம் மட்டும்தான். அந்த எலும்பை வெட்டி எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரிப்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாக விளக்கிச் சொல்வது தொண்டைக்கும் நல்லதல்ல என்பதால், அறிந்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எச்சில் விழுங்கும்போது நாவின் அடியில், இடப்பக்கமாக, மீன்முள் ஒன்று சிக்கிக்கொண்டது போன்ற உறுத்தல் இருக்கும். கொட்டாவி விட்டால் அங்கிருந்து காதுக்குள் சுருக்கென்று ஒரு வலி பாயும். தலையை இடப்பக்கம் திருப்பினால் தாடைக்குக் கீழே கழுத்தின் ஓரமாக ஓர் இழுப்பு. நான் சிங்கப்பூரில், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறவள். சாட்சி சொல்பவர் என் வலப்பக்கம் இருப்பார். நீதிபதி இடப்பக்கம், மேடைமீது அமர்ந்திருப்பார். தமிழில் ஒரு பதிலைக் கேட்டு, தலையைத் திருப்பி ஆங்கிலத்தில் சொல்லி, மறுபடியும் சாட்சியின் பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கு விசாரணை காலை முழுவதும் நீண்டால் அந்தக் கழுத்து படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. நாளடைவில் கழுத்தை அசைக்காமல், தோளோடு சேர்த்து முழு உடம்பையும் திருப்பப் பழகிவிட்டேன். உடன் பணிபுரியும் தம்பி ஒருவர், "கழுத்துல சுளுக்காக்கா?" என்று கேட்டபோதுதான் அது வெளியே தெரியும் அளவுக்குப் போய்விட்டது என்பது எனக்கே புலப்பட்டது.

பலதுறை மருந்தகத்தில், அதாவது அரசாங்கப் பாலிகிளினிக்கில், முதலில் தொண்டை அழற்சி என்றார்கள். பிறகு வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்குகிறது என்று சொல்லி ஒமெப்ரஸோல் கொடுத்தார்கள். அதுவும் கேட்காததால் தாடை மூட்டின் மீதும், கழுத்தெலும்புத் தேய்மானத்தின் மீதும் சந்தேகம் போனது. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். வீட்டில் அம்மாவின் வைத்தியம் ஒருபுறம் தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது: கற்பூரவள்ளிச் சாறு, மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், படுக்கப் போகும்முன் உப்புநீர்க் கொப்பளிப்பு. இவர்களில் எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தொண்டை வலி என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இத்தகைய சாதாரணக் காரணங்கள்தாம். அரிய நோயை முதல் நாளே நினைத்து எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பும் மருத்துவர் நல்ல மருத்துவர் ஆகமாட்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் பல் மருத்துவர். கடைவாய்ப் பல் ஒன்றைப் பார்ப்பதற்காகத் தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே எடுத்தார். பல்லில் கோளாறு இல்லை. ஆனால் தாடை எலும்பின் பின்விளிம்பையொட்டி, இரு பக்கமும், சாய்வாக இறங்கி வரும் இரண்டு வெண்கோடுகளைக் கணினித் திரையில் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். "இது வழக்கத்தைவிட நீளமாக இருக்கிறது; உங்களுக்கு விழுங்கும்போது வலி உண்டா?" என்று கேட்டார். பல்லைப் பற்றிப் பேசப் போன இடத்தில், யாரும் இணைத்துப் பார்க்காத இரண்டு விஷயங்களை ஒருவர் இணைத்துக் கேட்டது அன்றுதான். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அவரே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

இந்நோய்க்கு ஈகிள் சிண்ட்ரோம் என்று பெயர். பறவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த வாட் வீம்ஸ் ஈகிள் என்பவர் 1937ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதினார். அடுத்த இருபது ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை அவர் பதிவு செய்தார். ஸ்டைலாய்டின் நுனியிலிருந்து இறங்கும் தசைநார் எலும்பாக இறுகிப்போவதைப் பற்றி இத்தாலியின் பாதுவா நகரில் மார்க்கெட்டி என்னும் அறுவை மருத்துவர் 1652ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார் என்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்திருந்தும் பெரும்பாலான மருத்துவர்கள் பாடப்புத்தகத்தில் மட்டுமே சந்திக்கும் நோய் இது.

ஈகிள் இதை இரண்டு வகையாகப் பிரித்தார். முதலாவது, டான்சிலை அகற்றிக்கொண்டவர்களிடம் அவர் அதிகம் கண்டது. அறுவை நடந்த இடத்தில் உருவாகும் தழும்புத் திசு, நீண்ட எலும்பின் முனையோடு உராய்ந்து அங்குள்ள நரம்புகளைத் தூண்டுகிறது என்பது அவர் விளக்கம். விழுங்கும்போது வலி, ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்வு, காதுவலி ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டாவது வகையில் எலும்பு கழுத்துத் தமனியின்மீது படிந்து அழுத்தும். தலையைத் திருப்பும்போது வலி அந்த இரத்தக்குழாயின் வழியே கழுத்திலும் முகத்திலும் பரவும். அண்மைக்காலத்தில் மூன்றாவதாக ஒன்றையும் பேசுகிறார்கள்: ஸ்டைலாய்டுக்கும் கழுத்தின் முதல் முள்ளெலும்புக்கும் நடுவே கழுத்துச் சிரை நசுங்கி, தலைவலியும் காதிரைச்சலும் உண்டாவது. நான் சிறுமியாக இருந்தபோது டான்சில் அகற்றப்பட்டவள். எனவே முதல் வகை பொருந்துகிறது. ஆனால் தலையைத் திருப்பும்போது வரும் கழுத்து இழுப்பு இரண்டாவதைச் சார்ந்ததாகவும் இருக்கலாம் என்பதால் இரத்தக்குழாய்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் அதிகம் யோசித்தது ஒரு கணக்கைப் பற்றி. மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு இந்த எலும்பு நீண்டிருக்கும் என்று ஈகிள் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். பிற்கால ஆய்வுகள் சில இன்னும் கூடுதலாகவே சொல்கின்றன. ஆனால் அப்படி நீண்டிருப்பவர்களில் மிகச் சிலருக்கே வலி இருக்கிறது. மற்றவர்கள் அந்த எலும்பு இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். அப்படியானால், ஸ்கேனில் நீண்ட எலும்பு தெரிவதும் கழுத்தில் வலி இருப்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. என் உடம்பே அதற்குச் சாட்சி: வலப்பக்க எலும்பும் நீளமானதுதான், ஆனால் அங்கே ஒரு நாளும் வலித்ததில்லை. ஆகவே எலும்பின் நீளத்தை வைத்து அறுவை சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது, இந்த எலும்புதான் இந்த வலியைத் தருகிறது என்பது எவ்வளவு உறுதியாகத் தெரிகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்கு வந்து சேர்ந்தேன். அதன்பிறகு எந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டாலும், அந்த உறுதியை இது கூட்டுமா குறைக்குமா என்றுதான் கேட்கத் தொடங்கினேன்.

எலும்புக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு புரிய வேண்டுமானால் அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டைலாய்டிலிருந்து மூன்று தசைகள் புறப்படுகின்றன. ஒன்று நாவுக்கும், ஒன்று தொண்டைச் சுவருக்கும், ஒன்று நாவடி எலும்புக்கும் செல்கிறது. அதே நாவடி எலும்புக்கு அதன் நுனியிலிருந்து ஒரு தசைநாரும் இறங்குகிறது. அது சுண்ணாம்பேறி இறுகுவதும் இந்நோயின் ஒரு வடிவமே. கருவில் ஸ்டைலாய்டும் இந்தத் தசைநாரும் நாவடி எலும்பின் ஒரு பகுதியும் ஒரே குருத்தெலும்பிலிருந்து உருவாகின்றன. எலும்புக்கு மிக அருகே நாத்தொண்டை நரம்பு ஓடுகிறது. உள்ளும் புறமுமாகக் கழுத்துத் தமனியின் இரு கிளைகள் செல்கின்றன. எலும்பின் வேர்ப்பகுதிக்கு உடனே பின்னால், மண்டையோட்டிலிருந்து முக நரம்பு வெளியே வருகிறது. இத்தனை முக்கியமான உறுப்புகள் சூழ்ந்த இடத்தில் எலும்பு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தால் வலிப்பதில் வியப்பில்லை. அதே இடத்துக்குள் கத்தி நுழைவது எளிய காரியமும் இல்லை.

முதற்பரிசோதனை மிகப் பழைய முறையிலானது. மருத்துவர் கையுறை அணிந்த விரலை வாய்க்குள் விட்டு, டான்சில் இருந்த குழியை அழுத்திப் பார்த்தார். இயல்பான நீளமுள்ள எலும்பு அந்த இடத்தில் விரலுக்குத் தட்டுப்படாது. வலப்பக்கம் அழுத்தியபோது குமட்டியதே தவிர வேறொன்றும் இல்லை. இடப்பக்கம் அழுத்தியதும் நான் நன்றாக அறிந்த அதே வலி, அதே பாதையில், காதுவரை சென்றது. "இதுதானா?" என்று அவர் கேட்டார், வாயில் விரல் இருந்ததால் கையை உயர்த்திக் காட்டினேன். அடுத்து, முப்பரிமாணமாகத் தொகுத்த சிடி ஸ்கேன். திரையில் மண்டையோட்டைச் சுழற்றிக் காட்டியபோது நீளத்தைவிடச் சாய்வைத்தான் மருத்துவர் சுட்டிக்காட்டினார்: இடப்பக்க எலும்பு வலப்பக்கத்தைக் காட்டிலும் உள்நோக்கி வளைந்து தொண்டைச் சுவரை நெருங்கி நிற்கிறது. இரண்டுக்கும் நீளத்தில் உள்ள வேறுபாடு மூன்று மில்லிமீட்டர்தான். வலியில் உள்ள வேறுபாட்டுக்கு அந்தச் சாய்வே நம்பத்தக்க விளக்கமாக எனக்குத் தோன்றியது.

மூன்றாவது, ஊசி. அழுத்தினால் வலித்த அதே இடத்தில் லிக்னோகெயின் மருந்தைச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் தொண்டையின் ஒரு பக்கம் மரத்துப்போனது. அந்த மரப்பு தீரும்வரை எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று சொல்லி உட்கார வைத்தார்கள். எச்சிலை விழுங்கிப் பார்த்தேன், முள் இல்லை. தலையை இடப்பக்கம் மெல்லத் திருப்பினேன். பின்பு நன்றாகவே திருப்பினேன். காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் இருந்த பாட்டி நான் யாரையோ தேடுவதாக நினைத்திருப்பார். மருந்தின் வேகம் குறைந்ததும் வலி திரும்பி வந்தது. ஆனாலும் மருத்துவர் இதை வைத்துத் துள்ள வேண்டாம் என்றார். நாத்தொண்டை நரம்பு தானாகவே கோளாறுற்று உண்டாகும் நரம்பு வலியும் இதே ஊசியில் அடங்கும்; எலும்பை எடுத்தாலும் அது போகாது. அதை விலக்குவதற்காக எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். நரம்பின் வேரில் இரத்தக்குழாய் எதுவும் அழுத்தவில்லை, கட்டியும் இல்லை என்று அறிக்கை வந்தது. இரத்தக்குழாய்களுக்கான ஸ்கேனில் தமனி நசுங்கவில்லை. எலும்பின் நுனி அதை நெருங்கி நிற்பது மட்டும் தெரிந்தது.

கத்தி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று பார்ப்பது முறை. வீக்கத்தைக் குறைக்கும் வலிமாத்திரைகளை முதலில் கொடுத்தார்கள். வலியின் உச்சம் குறைந்ததே தவிர அடிப்படை மாறவில்லை. அடுத்தபடியாக நரம்பு வலிக்கான மருந்துகள். கார்பமாசெபின் என்ற பெயர் வந்ததும், அதைத் தொடங்கும்முன் ஒரு மரபணுப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு அம்மருந்து தோலையே உரித்துவிடும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஆசிய வம்சாவளியினரிடம் அந்த வகை அதிகம் காணப்படுவதால், 2013ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் ஆசியர்களுக்கு அம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும்முன் இப்பரிசோதனையைச் செய்வது வழக்கமாக்கப்பட்டுள்ளது. சீனர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொண்டு நம்மவர்கள் இதைக் கேட்காமல் விடக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன். எனக்கு முடிவில் காபாபென்டின் கொடுத்தார்கள். வலி பாதியாகக் குறைந்தது. விழிப்பும் பாதியாகக் குறைந்தது. சாட்சி சொன்ன தேதியை ஒரு கணம் தாமதித்து நினைவுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றத்தில் எவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், பொறுத்துக்கொள்ளவும் கூடாது. வேலையில்லாத வாரத்தில் அது நல்ல மருந்து.

இந்த நிலையில்தான் இரண்டு அறுவை மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிடலாம் என்றார். அறுவை அரங்கில் எப்போது இடம் இருக்கிறது என்று உதவியாளரிடம் கேட்கவும் தொடங்கிவிட்டார். வலப்பக்கத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டால் பின்னாளில் தொல்லையில்லை என்பது அவர் யோசனை. மற்றவர் என் கழுத்தைத் தொடுவதற்கு முன்பே நெடுநேரம் கேள்வி கேட்டார்: வலி எந்த நேரத்தில் வருகிறது, தூக்கத்தில் எழுப்புகிறதா, பல்துலக்கும்போது மின்னல் வெட்டுபோல வருகிறதா அல்லது மந்தமாக நீடிக்கிறதா, பேசிக்கொண்டே இருந்தால் கூடுகிறதா. முதலாமவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வலிக்காத எலும்பையும் எடுக்க நினைப்பவர், வலிக்கும் எலும்பை எடுப்பதற்குச் சொல்லும் காரணத்தை நான் எப்படி நம்புவது? தயங்கியவரிடமே போவதென்று வீட்டுக்காரரும் நானும் அன்றைய இரவே தீர்மானித்தோம்.

எலும்பை அணுக வழிகள் இரண்டு. வாய் வழியாகப் போவது ஒன்று. டான்சில் குழியைத் திறந்து, விரலால் எலும்பின் நுனியைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ஒட்டியுள்ள திசுக்களை உரித்துவிட்டு, இயன்றவரை மேலே வெட்டி எடுப்பது. வெளியில் தழும்பே இருக்காது, நேரமும் குறைவு. ஆனால் குறுகிய, ஆழமான இடத்தில் வெளிச்சமும் பார்வையும் போதாமல் வேலை செய்ய வேண்டும். பெரிய தமனியில் இரத்தம் கசிந்தால் அந்த வழியாகக் கட்டுப்படுத்துவது கடினம். வாயில் உள்ள கிருமிகள் கழுத்தின் ஆழத்துக்குள் இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. இப்போது எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமரா கொண்டும், சில இடங்களில் ரோபோ கொண்டும் செய்வதால் பார்வைக் குறை ஓரளவு நீங்கியிருக்கிறது.

மற்றொன்று, கழுத்தின் வெளியிலிருந்து போவது. தாடைக்குக் கீழே, தோல் இயல்பாக மடியும் கோட்டில் சில சென்டிமீட்டர் கீறி, தசைகளை விலக்கி, தமனியையும் நரம்புகளையும் கண்ணால் பார்த்துக்கொண்டே எலும்பை அடையலாம். நீளமான எலும்பை வேர்வரை நெருங்கி எடுக்க இதுவே வசதி. அப்போதும் வேரோடு எடுக்க மாட்டார்கள். பக்கத்திலேயே முக நரம்பு வெளியே வருவதால் ஒரு சிறு அடிக்கட்டையை விட்டுவிடுவார்கள். கழுத்தில் தழும்பு நிற்கும். காதுமடலின் கீழ்ப்பகுதி சில மாதங்கள் மரத்துப் போகலாம். சிலருக்கு அது நிரந்தரமாகவே இருந்துவிடும். தொண்டைக்குப் பக்கத்திலுள்ள இடைவெளிக்குள் கத்தி போவதால், ஒவ்வொரு வேளை உணவிலும் முதல் கவளத்தைக் கடிக்கும்போது மட்டும் தாடையோரம் சுண்டி இழுக்கும் ஒரு வினோதமான வலி சிலருக்கு வருவதுண்டு என்றும் மருத்துவர் சொன்னார். தோசையின் முதல் விள்ளலுக்கு மட்டும் தண்டனை, மீதி தோசைக்கு மன்னிப்பு என்ற இந்த ஏற்பாடு எனக்குச் சிரிப்பை வரவழைத்தாலும், அதை அனுபவிப்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

தழும்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சேலைத் தலைப்புக்கும் கழுத்துச் சங்கிலிக்கும் இடையில் அது எப்படியோ பழகிப்போகும். என் கவலை கீழுதட்டைப் பற்றியது. முக நரம்பின் கிளைகளில் ஒன்று தாடை விளிம்பையொட்டி ஓடிக் கீழுதட்டின் ஓரத்தை அசைக்கிறது. வெளிவழி அறுவையில் அதை விலக்கிப் பிடிக்கும்போது இழுபட்டால் உதடு ஒரு பக்கம் சில வாரங்களோ மாதங்களோ தளர்ந்துபோகலாம், வெட்டுப்பட்டால் நிரந்தரம். உதடுகள் சரியாகக் கூடாவிட்டால் பகரமும் மகரமும் குழையும். என் பிழைப்பே அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. "பார்த்தேன்" என்று சாட்சி சொன்னதை, கேட்பவர் மறுபடியும் கேட்கும்படி நான் சொல்லிவிட்டால் பதிவேட்டில் குழப்பம் நேரும். இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் அதைச் சிறுமையாக நினைக்கவில்லை. அறுவையின்போது முக நரம்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவியை வைப்பதாகவும், நரம்பு தூண்டப்பட்டால் அது ஒலி எழுப்பும் என்றும் விளக்கினார். குரல்நாணுக்குச் செல்லும் நரம்பிழைகளைத் தாங்கிய பெரிய நரம்பும் தமனியோடு சேர்ந்தே ஓடுகிறதே என்று கேட்டேன். அதற்கு ஆபத்து மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றார்.

பலன் எப்படி? வெளிவந்திருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகளில் சேர்ந்த சில பத்து நோயாளிகளைப் பற்றியவை. பத்தில் எட்டுப் பேருக்குக் குணம் தெரிகிறது என்ற கணக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த எட்டுப் பேரில் நானும் இருப்பேனா என்பது, முதலிலேயே சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. விரல் அழுத்தத்தில் அதே வலி, ஊசியில் நிவாரணம், ஸ்கேனில் அதே பக்கம் சாய்வு, வேறு காரணங்கள் விலக்கப்பட்டமை: இந்த நான்கும் ஒரே திசையைக் காட்டுவதால் என் வாய்ப்பு சராசரியைவிடக் கூடுதல் என்று மருத்துவர் கருதுகிறார். இதுவரை இத்தகைய அறுவையை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். அரிய நோய் என்பதால் பெரிய எண்ணிக்கையை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லி, அவர் சொன்ன எண் சிறியதுதான். ஆனால் அதே பகுதியில் கட்டிகளை அகற்றும் அறுவைகளை ஆண்டுதோறும் செய்கிறவர் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. இக்கேள்வியைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். சமையற்காரரை அமர்த்தும்போது எத்தனை கல்யாணம் செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேட்கிறோம்.

சொந்தபந்தங்களின் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. அங் மோ கியோவில் இருக்கும் சித்தி, "கழுத்துல கத்தியா? வேணவே வேணாம்மா, எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாப் போயிடும்," என்று தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னார். மாமியார், முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டிருக்கிறார். தைப்பூசத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். வேண்டுதலுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. நீவி விடுவதை மட்டும் கண்டிப்பாக மறுத்தேன். தமனிக்குப் பக்கத்தில் நீண்ட எலும்பு நிற்கும் கழுத்தை வேகமாக முறுக்குவதோ சொடுக்கெடுப்பதோ தமனியின் உட்சுவரைக் கிழித்துப் பக்கவாதம்வரை கொண்டுபோய்விட்ட நேர்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. கழுத்து வலிக்கு உடனே மசாஜ் கடைக்குப் போகும் பழக்கமுள்ள ஊரில் இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லோரும் மனத்துக்குள் கேட்பது அதுதான். பலதுறை மருந்தகத்தின் வழியாக அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் கட்டணக் கழிவு உண்டு; மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்ந்தெடுக்க விரும்பினால் தனியார் நோயாளியாகச் சேர வேண்டும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள மெடிஷீல்டு லைஃப் என்னும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி, அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணக் கழிவுள்ள பி2, சி வகுப்புப் படுக்கைகளின் கட்டணத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வகுப்பில் சேர்ந்தால் அது பில்லின் சிறு பகுதியையே தாங்கும். அறுவை சிகிச்சைகளைச் சுகாதார அமைச்சு 1ஏ முதல் 7சி வரை சிக்கலின் அளவைக் கொண்டு வரிசைப்படுத்தியிருக்கிறது. மெடிசேவ் என்னும் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. எனவே நம் அறுவைக்கு உரிய குறியீட்டு எண்ணை மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. அந்த எண் கையில் இருந்தால், 2018ஆம் ஆண்டு முதல் அமைச்சு வெளியிட்டு வரும் கட்டண அளவுகோல்களோடு மருத்துவர் கேட்கும் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்குத் தனியார் காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்தது என்பதால் பழைய நோய் என்ற பேச்சு எழவில்லை. ஆனாலும் காப்புறுதி தொடங்கும்முன் நாம் கட்ட வேண்டிய முதல் தொகையும், அதன்பின் நம் பங்கும் இருக்கின்றன. முன் ஒப்புதல் கடிதம் வரும்வரை தேதி குறிக்க வேண்டாம் என்று காப்புறுதி முகவரே சொன்னார்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தபின் நான் வந்திருக்கும் முடிவு இது. அறுவை செய்துகொள்வேன்; இடப்பக்கம் மட்டும்; வெளிவழியாக. வாய்வழி அறுவையில் உதட்டு நரம்புக்கு ஆபத்து குறைவுதானே என்று மகள் கேட்டாள், நியாயமான கேள்வி. ஆனால் என் எலும்பின் நுனி தமனியை நெருங்கி நிற்கிறது. ஏதாவது நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நேர்வதே மேல் என்று மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். கீழுதடு சில வாரங்கள் தளர்ந்தால் விடுப்பில் இருந்து கொள்ளலாம். தமனியில் நேரும் விபத்துக்கு விடுப்பு போதாது. வலியோடு இன்னும் சில ஆண்டுகள் தள்ளலாமே என்றும் யோசித்தேன். இந்த வலி உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் நான் விரும்பிச் செய்யும் வேலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக என்னை நகர்த்திவருகிறது. கடந்த சில மாதங்களாக நீண்ட வழக்குகளை நானே கேட்டுப் பெறாமல் விட்டிருக்கிறேன். அதுவே தராசைச் சாய்த்தது.

வலப்பக்கத்தைப் பற்றி மருத்துவர் சொன்னது சுருக்கமானது: வலிக்காத வரையில் அது நோயே அல்ல, தொட வேண்டாம். பின்னாளில் அதுவும் வலித்தால் இதே பரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடப்பக்கத்துக்குக் கிடைத்த விடையை வலப்பக்கத்துக்கும் கடன் வாங்க முடியாது.

நீதிமன்ற விடுமுறையையொட்டித் தேதி கேட்டிருக்கிறேன். இரண்டு இரவுகள் மருத்துவமனையில் இருக்க நேரலாம் என்றும், கழுத்தில் வடிகுழாய் ஒன்றை முதல் நாள் வைத்திருப்பார்கள் என்றும், முதல் வாரம் கஞ்சியும் தயிர்சாதமும் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கஞ்சிக்கு இப்போதே திட்டம் போட்டுவிட்டார். இம்மாதக் கடைசியில் மயக்க மருந்து நிபுணரைச் சந்திக்க வேண்டும். நரம்பைக் கண்காணிக்கும் கருவி வைக்கப்படும் என்பதும், "இடது" என்ற சொல்லும் ஒப்புதல் படிவத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுவதாக இருக்கிறேன்.